கீரி திருடிய வேப்பந்தழை

ஏரிக்கரைக் காட்டில் அஞ்சலை என்றொரு கீரி இருந்தாள். அவளைப் போல பக்தி உள்ளவள் அந்தக் காட்டிலேயே கிடையாது. அதை அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள்! விடிந்ததும் மாரியாத்தா கல்லைச் சுற்றிக் கூட்டுவாள், பூ வைப்பாள். அப்புறம்தான் ஒரே மகள் செவ்வந்திக்கு இரை தேடப் போவாள்.

அந்தக் கோடையில் காட்டுக்குள் அம்மை புகுந்தது. அணில் வீட்டில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. முள்ளம்பன்றியும் போய்ச் சேர்ந்தது. ஆனால் "நோய்" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஆத்தா வந்திருக்கா" என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் பயம் கொஞ்சம் அடங்கியது. ஆத்தா வந்த வீட்டு வாசலில் வேப்பந்தழை கட்டுவார்கள். அம்மை கண்டு பிழைத்தவர்தான் அதைத் தாண்டி உள்ளே போகலாம்.

அடுத்து அம்மை கண்டது காத்தாயி என்ற காட்டுப்பன்றிக்கு. குரங்கு அவள் வாசலில் நுங்கு வைத்தது. முயல் வெள்ளரிப்பிஞ்சு வைத்தது. மான்கள் தூர நின்று கும்பிட்டன.

அஞ்சலைக்கு வயிறு பற்றி எரிந்தது.

"சேத்துல பொரள்றவ வீட்டுக்கா ஆத்தா போனா? கல்லு இருக்கிற பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதவளாச்சே! தெனம் கூட்டிப் பெருக்குற நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன், ஆத்தா கண்ணுக்குத் தெரியலையா?"

காத்தாயி பிழைத்துக்கொண்டாள். இப்போது இன்னும் மோசம்! "ஆத்தா தங்கிட்டுப் போன உடம்பு" என்று எல்லாரும் கும்பிட்டார்கள். அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் மஞ்சளும் வேப்பிலையுமாகக் காடே குளக்கரையில் கூடியது. அந்த நேரம் பார்த்து அஞ்சலை பன்றியின் புதருக்குள் நுழைந்தாள். காத்தாயி படுத்திருந்த வேப்பந்தழையை அள்ளிக்கொண்டு வந்து தன் புதர் வீட்டில் பரப்பினாள்.

"ஆத்தா, இனி நம்ம வீட்டுக்கு வா!"

ஆத்தா வரும் வரும் என்று அவள் வாசலிலேயே காத்துக் கிடந்தாள். உள்ளே அந்தத் தழைமேல் செவ்வந்தி தூங்கிவிட்டாள்.

சில நாளில் குழந்தை உடம்பெல்லாம் முத்துப் போட்டது. முதலில் அஞ்சலை சந்தோஷம்கூடப் பட்டாள், சண்டாளி! ஓடிப்போய் வாசலில் தழை கட்டினாள். நுங்கு வந்தது. வெள்ளரி வந்தது. மான்கள் கும்பிட்டன. கேட்டதெல்லாம் வந்தது. ஆனால் குழந்தை உடம்பு அனலாகக் கொதித்தது. நுங்கை வாயருகே வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"யாராச்சும் உள்ள வாங்களேன்! பயமா இருக்கு!" என்று அஞ்சலை அலறினாள். யார் வருவார்கள்?

அப்போது வாசல் தழையை மூக்கால் விலக்கிக்கொண்டு, காலெல்லாம் சேறாக, காத்தாயி வந்து நின்றாள்.

"உன் படுக்கைத் தழையை நான்தான் திருடினேன்" என்று அழுதாள் அஞ்சலை.

"தெரியும், உன் காலடித் தடம் கெடந்துச்சே. அதெல்லாம் அப்புறம். முதல்ல புள்ளைக்குச் சொட்டுச் சொட்டாத் தண்ணி குடு!"

காத்தாயி குழந்தை பக்கத்தில் படுத்து வேப்பிலையால் விசிறினாள். வீட்டுக்கே போகவில்லை. அஞ்சலை மெதுவாகக் கேட்டாள்: "ஆத்தா உன்கிட்ட வந்தப்ப என்னடி சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. வாசல்ல நுங்கு குவிஞ்சு கெடந்துச்சு. பக்கத்துல உக்கார ஒரு ஆளு வரமாட்டாங்களான்னு நான்தான் அழுதுட்டுக் கெடந்தேன்."

விடிகிற நேரம் செவ்வந்தியின் உடம்பு குளிர்ந்தது. கண்ணைப் பாதி திறந்து, "அம்மா, யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள்.

அஞ்சலை காத்தாயியின் சேற்றுக் காலைப் பார்த்தாள். இந்த முறை வயிறு எரியவில்லை.

"ஆத்தா வந்திருக்கா, கண்ணு" என்றாள்.

நோய்க் காலத்தில், பொறாமையோடு கும்பிடுகிறவர் வீட்டைவிட, பயந்து கிடப்பவருக்குத் துணையாக ஒருவர் போய் உட்காரும் வீட்டுக்குத்தான் சாமி முதலில் வரும்.