வெலியிட்டிக்குப் பத்தியம்

“அம்மா, வெலியிட்டின்னா என்ன சீக்குங்க?”

தண்டபாணி இதைக் கேட்டபோது யோகாம்பாள் அம்மாள் மடத்து வாசலில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“யாருக்குங்கண்ணா?”

“எனக்குத்தானுங்க.”

“டாக்டர் சொன்னாருங்களா?”

“எந்தம்பி மக சொன்னாளுங்க.”

தண்டபாணிக்கு அவிநாசியில் பெயிண்டுக் கடை. அம்மாளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவருடைய சிஷ்யர். அம்மாளோ மடத்துக்கு வருமுன் கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடத்தியவர். ஆகவே சந்தேகம் சரியான இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது.

“மருந்துக் கடையில கேட்டேனுங்க. அந்தப் பேர்ல மாத்திரையே வர்றதில்லைங்கறான். போன்ல தேடினா வெல்வெட்டுத் துணியாக் காட்டுது. ராத்திரி தூக்கமே இல்லீங்க.”

“புள்ள எதுக்குச் சொல்லுச்சு?”

தண்டபாணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எந்தம்பி ஞானவேலு உடுமலையில இருக்கறானுங்களே. ரெண்டு கிட்னியும் போயிருச்சு. மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. இனி ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்லிப்போட்டாங்களாம்.”

“போய்ப் பாத்தீங்களா?”

“பாக்கோணும்னு ரொம்ப ஆசைங்க. அதைத்தான் அவன் மக கயல்கிட்ட போன்ல சொன்னேன். ‘பெரியப்பா, நீங்க வர்றேன்னு சொல்ற ஞாயித்துக்கெழமையெல்லாம் அப்பா சவரம் பண்ணிச் சட்டை மாத்திட்டு வாசலைப் பாத்து உக்காந்திருக்கறாரு. உங்களுக்கு இருக்கறது வெலியிட்டி’ன்னா. போனை வெச்சுட்டா.”

“ஏன் போகலீங்க?”

“போன வாரம் மழைங்க. அதுக்கு முந்தி கடைக்குச் சரக்கு வந்துருச்சு. முழங்கால் வேற.”

அண்ணன் தம்பிக்குள் சண்டை ஒன்றுமில்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் பேசவாவது மனுஷன் பஸ் ஏறியிருப்பார்.

“அது பொல்லாத சீக்குங்களாம்மா? தம்பிக்கு முந்தி நான் போயிருவனோ?”

அம்மாள் மடியிலிருந்த காம்புகளை உதறிவிட்டு எழுந்தார்.

“பந்திக்கு நேரமாச்சு. வாங்க, அங்க சொல்றேன்.”

*

அன்று அமாவாசை. பந்தி நிறைந்திருந்தது. தண்டபாணி காலையில் ஒரு காப்பியோடு கிளம்பி வந்தவர். வயிறு எப்போதோ கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

இலை விழுந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வழக்கமாகப் பரிமாறுகிற பழனாத்தாளிடமிருந்து சோற்று வாளியை அம்மாளே வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு இலையாகப் போட்டுக்கொண்டு வந்தார். தண்டபாணியின் முன்னால் குனிந்தார். ஆவி முகத்தில் அடித்தது.

“அண்ணனுக்குச் சோறு போடோணும்னு எனக்கு ரொம்ப ஆசைங்க.”

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

தண்டபாணி சிரித்தார். குருமார்கள் சமயத்தில் விளையாடுவார்கள். சிரித்து வைப்பது சிஷ்யர்களின் கடமை.

குழம்பு வந்தது.

“இந்த முருங்கைக்காக் குழம்பு உங்களுக்குப் புடிக்கும்னு எனக்குத் தெரியாதுங்களா? உங்க இலையில ஊத்தோணும்னு காலையிலிருந்தே நெனைப்புங்க.”

குழம்பும் தாண்டிப் போயிற்று.

பக்கத்து இலையில் மஞ்சள் வியாபாரி நாச்சிமுத்து. அவர் பிசைந்த சோற்றோடு கையை நிறுத்திவிட்டார். வெறும் இலைக்குப் பக்கத்தில் எப்படி விழுங்குவது?

“என்னங்க இது?”

“தெரியலீங்க. ஒரு சீக்கைப் பத்திக் கேட்டேன்.”

“அப்பப் பத்தியமா இருக்குமுங்க.”

தண்டபாணிக்கு அது நியாயமாகப் பட்டது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. சோறே ஆகாத சீக்கென்றால் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்!

ரசம் வந்தபோது அவரே முந்திக்கொண்டார்.

“ரசமாவது ஆகுமுங்களாம்மா?”

“எல்லாம் ஆகுமுங்க. உங்களுக்கு ஆகாததுன்னு இந்தப் பந்தியில எதுவுமே இல்லை.”

“அப்பறம்?”

“ஊத்தோணும்னு ஆசை நெறைய இருக்குதுங்க.”

ரசம் நாச்சிமுத்துவின் இலைக்குப் போயிற்று.

இப்போது தண்டபாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன மாதம் மடத்துக் கதவுக்கு அனுப்பிய பச்சைப் பெயிண்ட் சரியில்லையோ? எதிர் வரிசையில் யாரோ குசுகுசுத்தார்கள். எழுந்து போகலாமென்றால் பந்தியில் பாதியில் எழுவது மரியாதையில்லை. உட்கார்ந்திருக்கவோ மானம் இடம் கொடுக்கவில்லை.

மோரும் அவரைத் தாண்டியது. கடைசியில் பாயசம்.

அம்மாள் கரண்டி நிறைய மொண்டார். இலைக்கு மேலே பிடித்தார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

“மனசாரச் சொல்றேனுங்கண்ணா. நீங்க வயிறு நெறையச் சாப்பிடோணும்னு என்னைவிட ஆசைப்படறவங்க இங்க யாருமில்லை.”

கரண்டி வாளிக்குள் திரும்பிப் போயிற்று.

தண்டபாணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“என்னங்கம்மா இது, ஆசை ஆசைன்னுட்டு! வாளி உங்க கையில இருக்குது. எல எம்முன்னால இருக்குது. நீங்க ஆசைப்பட்டா எனக்கு வயிறு ரொம்பிருமா? நான் பாட்டுக்கு வாயைப் பாத்துட்டு உக்காந்திருக்கறேன்...”



தண்டபாணி வாயைத் திறந்தவர் திறந்தபடியே இருந்தார். ‘வாசலைப் பாத்து உக்காந்திருக்கறாரு’ என்று கயல் போனில் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

அம்மாள் வாளியைக் கீழே வைத்தார்.

“நீங்க கேட்ட இங்கிலீஷ் வார்த்தைக்கு, வாளியை விட்டு எறங்காத ஆசைங்கறதுக்கு மேல எனக்கு அர்த்தம் தெரியாதுங்க. இப்பப் போடறேன். சாப்பிடுங்க.”

“வேண்டாங்கம்மா.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. தம்பியை நினைத்தபோது வெட்கம் இன்னும் பெரிதாயிற்று. மரியாதையாவது ஒன்றாவது, அத்தனை பேர் நடுவில் எழுந்துவிட்டார்.

அம்மாள் வாசல்வரை கூடவே வந்தார்.

“உடுமலை பஸ் எத்தனை மணிக்குங்க?”

“எதுலயாச்சும் திருப்பூர் போய் மாறிக்கறேனுங்க.”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். கடைசிப் படியில் நின்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“யாருக்குங்க?”

“கயலுக்குத்தானுங்க. பெரியப்பா வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடறேன்.”

அம்மாள் கையை நீட்டினார்.

தண்டபாணிக்குப் புரியவில்லை. நீட்டிய கையைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

“குடுங்க.”

கொடுத்தார்.

“சொல்லாமயே போங்க. இன்னைக்கு உங்க தம்பிக்கு வாசலைப் பாக்கற வேலை வேண்டாமுங்க,” என்றார் அம்மாள்.