பத்து லட்சத்து ஒன்பது

உப்பாற்றங்கரை மடத்தில் கணக்கும் தியானமும் சொல்லிக்கொடுத்தவள் நாச்சியாரம்மை. அவளிடம் சீடராக வந்த ஆண்டியப்பருக்கு அவளைவிட இருபது வயது கூடுதல். மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவர். அந்தச் சாவில் தம்பி சடையனைக் காணோம். அது அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இப்போது சடையன் சாகக் கிடந்தான். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மகள் பேச்சியை அனுப்பியிருந்தான்.

"அவனிடம் ஈரமே கிடையாது, அம்மா. எப்படிப் பார்த்தாலும் கிடையாது" என்றார் ஆண்டியப்பர்.

நாச்சியாரம்மை மணலில் 1000009 என்று எழுதினாள்.

"இது பகா எண்ணா, பாருங்கள். ஆயிரம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுக்க வேண்டும். ஒன்றாலாவது மீதியில்லாமல் வகுபட்டால், இது பகா எண் இல்லை."

பேச்சி காத்து நின்ற வாசலுக்கு ஆண்டியப்பர் போனார்.

"கணக்கு முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருன்னு அப்பாகிட்ட சொல்லட்டுமா, பெரியப்பா?" என்றாள் பேச்சி.

அவர் மணலுக்குத் திரும்பினார்.

எண் ஒற்றைப்படை. மூன்றால் வகுத்தார், ஒன்று மிஞ்சியது. ஏழால் வகுத்தார், மூன்று மிஞ்சியது. பதினொன்றுக்கு ஒன்றே ஒன்று குறைந்தது. ஒவ்வொரு முறை மீதி விழும்போதும் அவருக்கு உள்ளூர இனித்தது. நாட்கள் போயின. விரல் நுனி தேய்ந்தது.

ஒருநாள் காலையில் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"பகா எண்தான், அம்மா. எதற்கும் மசியவில்லை."

"எதுவரை பார்த்தீர்கள்?"

"இருநூற்று எண்பத்து மூன்று வரை. போதாதா?"

"அடுத்த பகா எண்?"

"இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று."

அவள் மணலைக் காட்டினாள். முணுமுணுத்துக்கொண்டே அவர் மறுபடி குனிந்தார். ஈவு மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று. மீதி இல்லை.

இன்னொரு தரம் வகுத்தார். மீதி இல்லை.

"சடையனையும் இப்படித்தான் பாதியில் முடிவு கட்டினேன்" என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு விரைந்தார்.

வாசலில் பேச்சி மறுபடியும் வந்து தலைவிரிகோலமாக நின்றாள்.

"விடியக்காலையில அப்பா போயிட்டாரு."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் வாயில் வந்தது அந்தக் கேள்விதான்.

"உன் பெரியம்மா சாவுக்கு ஏன் வரவில்லை அவன்?"

"வந்தாரு. வாசப்படி மிதிச்சா காலை வெட்டுவேன்னு நீங்க எப்பவோ சொன்னீங்களாம். இடுகாட்டு வேலிக்கு வெளியே நின்னு அழுதுட்டுத் திரும்பினாரு."

ஆண்டியப்பர் உள்ளே வந்தார்.

"இந்தக் கணக்கைக் கொடுத்து என்னை இங்கே உட்கார வைத்தது நீங்கள்தானே!"

நாச்சியாரம்மை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எண்ணுக்கு என்ன அவசரம், ஆண்டியப்பரே? பத்து வருஷம் கழித்து வந்து வகுத்திருந்தாலும் மீதி வந்திருக்காது."