பின்கால் நின்ற இடம்

மடுவுக்கு மேலே இருந்த தட்டைப் பாறையில் காட்டுப்பன்றி மொந்தனும் பெண்மான் செவ்வரியும் எதிரெதிரே நின்றன. அவற்றுக்கு நடுவே களிமண் படைகள் அணிவகுத்திருந்தன. ஒரு பக்கம் கட்டைவிரல் உயரப் பன்றிகள். மறுபக்கம் அதே உயரத்தில் மான்கள்.

பாறையின் ஓரத்தில் நாரை நின்றது. அதன் அலகில், முள்ளம்பன்றி உதிர்த்த நீண்ட முள் ஒன்று இருந்தது.

கோடையில் அந்தக் காட்டில் மடுவில் மட்டும்தான் நல்ல தண்ணீர் மிஞ்சும். அதுவும் ஒரு கூட்டத்துக்குத்தான் மழை வரை தாங்கும். மற்றக் கூட்டம் நிழலே இல்லாத மொட்டைப் பாறைகளைக் கடந்து சேற்றுக்குட்டைக்குப் போக வேண்டும். முன்பெல்லாம் இதற்காகக் கொம்பும் கோரைப்பல்லும் மோதிக்கொண்டன. மடுவின் தண்ணீர் சிவந்துபோய், ஜெயித்தவர்களாலும் குடிக்க முடியாமல் போன ஒரு கோடையில் இரண்டு கூட்டமும் ஒரு முடிவுக்கு வந்தன. இனிமேல் மண் பொம்மைகள் சண்டை போடட்டும். பாறையின் நடுவிலுள்ள குழியை எந்தப் படை முதலில் தொடுகிறதோ, அந்தக் கூட்டம் மடுவில் இருக்கட்டும்.

ஒரு முறைக்கு ஒரு பொம்மை. அது ஒரு முள் நீளம் நகரலாம். எதிரிப் பொம்மையை எட்டினால் எதிரி விழும். கூழாங்கல் குறுக்கே கிடந்தால் சுற்றித்தான் போக வேண்டும்.

எங்கிருந்து அளப்பது என்பதில்தான் முதலில் பெரிய தகராறு வந்தது.

“கொம்பு நுனியிலிருந்து அளக்கணும்!” என்றன மான்கள்.

“அப்படின்னா எங்க பொம்மைக்கு மூக்கை முழ நீளத்துக்கு வைப்போம்!” என்றன பன்றிகள்.

நாரைதான் தீர்த்துவைத்தது. “கொம்பும் வேண்டாம், மூக்கும் வேண்டாம். முன்கால் நிற்கிற இடத்துல முள்ளை வைப்பேன். முள் முடியிற இடத்துல முன்காலை வைங்க. அவ்வளவுதான்!”

இரண்டு கூட்டமும் அதை ஒப்புக்கொண்டன. அளக்கும் வேலையும் நாரைக்கே வந்தது. அது மீன் தின்பது. மானுக்கும் உறவில்லை, பன்றிக்கும் உறவில்லை. அது அளக்கும்போது எதிராளி முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கமாயிற்று. உற்றுப் பார்ப்பது நாரையை நம்பாததற்குச் சமம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கூட்டங்கள் பாறைக்குக் கீழே காத்து நிற்கும். மேலே நடப்பது அங்கிருந்து தெரியாது.

இந்தக் கோடையில், ஆட்டம் தொடங்கும் முன் செவ்வரி நாரையை ஒரு புதருக்கு அழைத்துப்போனது. உள்ளே செவ்வரியின் குட்டி படுத்திருந்தது. அதன் பின்னங்கால் ஒன்று மடங்கியபடியே இருந்தது.

“எழுந்து நிக்கிறான், அக்கா. நடக்கத்தான் வரலை.”

நாரை குனிந்து அந்தக் காலைப் பார்த்தது.

“குட்டைக்குப் போகணும்னா இவனை இங்கேயே விட்டுட்டுத்தான் போகணும். உங்ககிட்ட நான் எதையும் கேக்கலை. பாத்துட்டுப் போங்கன்னுதான் கூப்பிட்டேன்.”

“பாறை மேல நான் முள்ளைத்தான் பாப்பேன்” என்றது நாரை.

“தெரியும், அக்கா.”

குட்டி நாரையின் நீண்ட காலை முகர்ந்து பார்த்தது. பிறகு நக்கியது.

ஆட்டம் தொடங்கியது. மொந்தனின் வாய் ஓயவில்லை.

“தங்கச்சி, உன் மானுங்க அழகா நிக்குது. ஆனா போருக்கு வந்த மாதிரி இல்லை. கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கு!”

“உங்க ஆளுங்க மட்டும் என்ன, அண்ணே? பந்தி முடிஞ்சு தூங்கப் போற மாதிரி இருக்காங்க!”

“எங்க வீட்டுல தூக்கம் ஏது! கடைசியா ஒண்ணு பொறந்திருக்கு, எலி மாதிரி. அண்ணன்மாருங்க முட்டித் தள்ளுறதுல அதுக்குப் பாலே எட்டுறதில்லை. பசியில ஒரே கத்தல். நான்தான் தாலாட்டு! பன்னி பாடிக் கேட்டிருக்கீங்களா, நாரையக்கா?”

நாரை சிரித்துவிட்டது.

பொம்மைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வெயில் உச்சிக்கு வந்தபோது மொந்தனிடம் ஒரு பன்றியும் செவ்வரியிடம் ஒரு மானும் மிஞ்சின.

மொந்தனின் முறை வந்தது. அதன் பொம்மைக்கும் குழிக்கும் குறுக்கே ஒரு கூழாங்கல் கிடந்தது. நாரை கல் வரைக்கும் அளந்தது. அந்த இடத்தை நகத்தால் கீறிக்கொண்டு, முள்ளைத் திருப்பி மிச்சத்தை அளந்தது. மொந்தன் மூக்கால் பொம்மையைத் தள்ளியது. பொம்மையின் முன்கால் குழியைத் தொட்டது.

“தொட்டாச்சு!” என்று கத்தியது மொந்தன்.

“இல்லை. முன்கால் முள்ளைத் தாண்டி நிக்குது. பின்னால இழு.”

“எவ்வளவு தாண்டியிருக்கு?”

“ஒரு நெல்லளவு.”

“ஒரு நெல்லுக்காகவா, அக்கா?”

“நெல்லோ மலையோ, தாண்டினது தாண்டினதுதான்.”

“உங்ககிட்ட வழக்காட முடியுமா!” மொந்தன் சிரித்துக்கொண்டே பொம்மையைப் பின்னால் இழுத்தது. குழிக்கும் பொம்மைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழுந்தது. இனி ஒரு முறை போதும்.

இப்போது செவ்வரியின் முறை. மொந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாறை விளிம்பில் முதுகைத் தேய்க்கத் தொடங்கியது.

நாரை முள்ளைக் கிடத்தியது. முள் குழியை எட்டவில்லை. ஒரு பொம்மையின் உடம்பு நீளத்துக்கு முன்பாகவே முடிந்துவிட்டது.

செவ்வரி மண் மானை வாயில் கவ்வியது. மெதுவாகப் பொம்மையைக் கீழே வைத்தது. முள் முடிந்த இடத்தில் மண் மானின் பின்கால் நின்றது. முன்கால் குழியின் விளிம்பில் இருந்தது.

செவ்வரி நிமிரவில்லை.

நாரை முள்ளைப் பார்த்தது. அதில் எந்தக் குறையும் இல்லை. பிறகு பின்காலைப் பார்த்தது. தன் காலில் அந்தக் குட்டியின் நாக்கு பட்ட இடம் இன்னும் ஈரமாக இருப்பதுபோல் அதற்குத் தோன்றியது. ஒரு பொம்மை நீளம்தானே என்று நினைத்தது. பன்றிகளுக்குத் தோல் தடிப்பு. எந்த வெயிலிலும் நடந்துவிடுவார்கள்.

“சரியா, அக்கா?” மொந்தன் திரும்பாமலே கேட்டது.

“சரி” என்று சொல்லிவிட்டு நாரை முள்ளை எடுத்துக்கொண்டது.

மொந்தன் திரும்பிப் பார்த்தது. பிறகு வழக்கம்போல உரக்கச் சிரித்தது. “உன் கல்யாண மாப்பிள்ளை ஜெயிச்சுட்டான், தங்கச்சி!”

வெயில் தாழ்ந்ததும் பன்றிகள் கிளம்பின. ஒன்றுகூட முணுமுணுக்கவில்லை. நாரை அளந்து சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது!

மான்குட்டி மடுவின் ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்தது. நாரை அதைத் தினமும் பார்த்தது. பார்க்கும்போது மனம் கொஞ்சம் லேசானது. ஆனால் செவ்வரி நாரை இருக்கும் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. எதிர்ப்பட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு போனது. அதன் பிறகு நாரைக்கு மீன் பிடிப்பதில் நாட்டம் போயிற்று. ஒரு காலையில் அது சேற்றுக்குட்டைப் பக்கம் பறந்தது.

பன்றிகள் காய்ந்த நாணல்களுக்குள் படுத்திருந்தன. மொந்தன் மட்டும் கரையில் நின்று குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் உடம்பு பாதியாகியிருந்தது.

“வாங்க, அக்கா. இங்க மீன் இல்லையே. எதுக்கு இவ்வளவு தூரம்?”

“சும்மா பாக்க வந்தேன். எல்லாரும் நல்லா இருக்கீங்களா?”

மொந்தன் மறுபடி குட்டையின் பக்கம் திரும்பியது.

“கடைசிக்குட்டி போயிடுச்சு.”

“வெயில்லயா?”

“வெயிலைத் தாங்கிடுச்சு, அக்கா. வழியெல்லாம் கத்திக்கிட்டே வந்துச்சு. தண்ணியைப் பாத்ததும் ஒரே ஓட்டம். நாங்கெல்லாம் கனமானவங்க. ஓரத்துச் சேத்துலயே கால் புதைஞ்சு நின்னுட்டோம். அதுக்குத்தான் எடையே கிடையாதே. நடுவரைக்கும் ஓடிடுச்சு. அங்க போய் அமுங்கிச்சு. எங்களால அது கிட்டப் போக முடியலை. பாத்துக்கிட்டே நின்னோம்.”

குட்டையின் நடுவில் சேற்றுத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நாரை அங்கே பார்த்தது. பிறகு பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்பிக்கொண்டது.

“குட்டியோட அம்மா எதையும் சாப்பிடறதில்லை” என்றது மொந்தன். “நான் ஒண்ணையேதான் அவகிட்ட திரும்பத் திரும்பச் சொல்றேன். ‘தோத்தோம். ஆனா அளந்து தோத்தோம். யாரும் நம்மளை ஏமாத்தலை’ன்னு. அதைக் கேட்டா கொஞ்ச நேரம் அழுகை நிக்குது.”

நாரை பறந்துபோயிருக்கலாம். அதன் இறக்கைகள் ஒருமுறை விரியவும் செய்தன.

“மொந்தா, அளவு சரியில்லை.”

“என்ன அக்கா சொல்றீங்க?”

“முள் முடிஞ்ச இடத்துல பின்கால்தான் நின்னுச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னேன்.”

மொந்தன் குட்டையை விட்டு நாரையின் பக்கம் திரும்பியது.

“என்னை ஒரு நெல்லுக்காகப் பின்னால இழுக்க வச்சீங்களே!”

“ஆமா.”

“ஏன் அக்கா?”

“செவ்வரியோட குட்டிக்கு நடக்க வரலை. அன்னைக்குக் காலையில கூட்டிட்டுப் போய்க் காட்டினா. மனசு கேக்கலை.”

“எனக்கும் குட்டி இருந்துச்சே. பாலே எட்டலைன்னு சொன்னேனே!”

“நீ சிரிச்சுக்கிட்டே சொன்னே.”

“வேற எப்படிச் சொல்றது, அக்கா?”

நாரை தலையைக் குனிந்துகொண்டது.

நாணலுக்குள் இளம் பன்றிகள் சில தலையைத் தூக்கிப் பார்த்தன. மொந்தன் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

“இதை அவங்க காதுல போட்டுடாதீங்க. தெரிஞ்சா இப்பவே மடுவுக்குக் கிளம்பிடுவாங்க. அந்தக் குட்டியால ஓடக்கூட முடியாதே.”

“சொல்ல மாட்டேன்.”

“அடுத்த கோடைக்கு நீங்க அளக்க வர வேண்டாம். நான் வேற யாரையாவது பாத்துக்கிறேன்.”

நாரை தலையை அசைத்தது.

நாணல் மறைவிலிருந்து தாய்ப்பன்றி கேட்டது. “நாரை எதுக்கு வந்துச்சு? என்ன சொல்லுது?”

மொந்தன் மெதுவாக நடந்துபோய் அதன் பக்கத்தில் படுத்தது.

“சும்மா நம்மளைப் பாக்கத்தான் வந்துச்சு. அன்னைக்கு எல்லாம் சரியாத்தான் அளந்துச்சாம்.”

தாய்ப்பன்றி கண்ணை மூடிக்கொண்டது. நாரை கரையிலேயே நின்று மொந்தன் சொன்னதைக் கேட்டது.

நடுவில் நிற்பவர் இரக்கப்பட்டு ஒருவருக்கு விட்டுக்கொடுப்பது, தன் கையிலிருந்து கொடுப்பது அல்ல; முகத்தைத் திருப்பி நிற்கும் இன்னொருவரிடமிருந்து கேட்காமல் எடுத்துக் கொடுப்பது.