பெண்கள் எல்லோரும் "இல்லை" என்றார்கள்

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு நாற்பத்தெட்டு. இதில் சீடருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. குணசீலன் கோவையில் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர்களின் சங்கத்துக்குச் செயலாளர். புள்ளிவிவரத்தில் ஒரு சந்தேகம் என்றால், கல்லூரியில் அதைப் பாடம் நடத்தும் ரிஸ்வானாவிடம்தான் ஓடுவார். "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். ரிஸ்வானாவோ அவரை "சார்" என்பார்.

அன்று குணசீலன் லேப்டாப்பும் கையுமாக, வாயெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், சர்வே முடிஞ்சுது. முன்னூறு பேருக்கு மேல பதில் போட்டிருக்காங்க. அதுல பெண்கள் பத்தொம்பது பேர்."

"என்ன தெரிஞ்சுது?"

"சங்கக் கூட்டத்துல யாராவது உங்ககிட்ட தப்பா நடந்துக்கிட்டாங்களான்னு கேட்டிருந்தோம். பத்தொம்பது பேரும் 'இல்லை'. ஒருத்தர்கூட 'ஆமாம்' போடல."

சொல்லும்போதே அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. நாலு பேரோடு டீக்கடையில் ஆரம்பித்த சங்கம். அதை யாராவது குறை சொன்னால் வீட்டுப் பிள்ளையைச் சொன்ன மாதிரி அவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

"இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"சாயங்காலம் செயற்குழு. பெண்களுக்குன்னு ஒரு புகார்க் குழு இருக்கு. புகாரே இல்லாத இடத்துல அது எதுக்கு, கலைச்சிடலாம்கிறார் தலைவர். என் அறிக்கை போனா கலைச்ச மாதிரிதான். அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. இந்தப் பத்தொம்பது 'இல்லை'யை நம்பலாமா?"

"பயந்துக்கிட்டு போட்டிருந்தா?"

"என்ன பயம்? பேர் கேக்கல, போன் நம்பர் கேக்கல."

ரிஸ்வானா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். வந்த பதில்களில் ஒன்றை வாசித்தார்.

"ஆண். அனுபவம் அஞ்சுலேர்ந்து பத்து வருஷம். ஊர் கோவை. வங்கி சாஃப்ட்வேர்."

"அது யாருன்னு எப்படி டீச்சர் சொல்றது? அந்த மாதிரி ஒரு கூட்டமே இருக்கு."

"பெண். பத்துலேர்ந்து பதினஞ்சு வருஷம். பொள்ளாச்சி. வங்கி சாஃப்ட்வேர்."

"அட, நம்ம கனகவல்லி மேடம்!" குணசீலன் சிரித்துவிட்டார். "பொள்ளாச்சியிலேர்ந்து வேற யாரு வர்றாங்க?"

"பெண். ஒரு வருஷம்கூட ஆகல. சூலூர். ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்."

"ஜெனிட்டா. இப்பத்தான் சேர்ந்த பொண்ணு."

"பெண். இருபது வருஷத்துக்கு மேல. ஊர்..."

"சுபத்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது.

ரிஸ்வானா அடுத்த வரிக்குப் போகவில்லை. குணசீலனுக்குத்தான் பொறுக்கவில்லை. தன் சங்கத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"சரி டீச்சர், ஆள் தெரிஞ்சா தெரியட்டுமே! நானும் தலைவரும்தானே பாக்கறோம்? நாங்க என்ன அந்நியமா? அந்த ஜெனிட்டா மட்டும் 'ஆமாம்'னு போட்டிருந்தா சும்மா விட்டிருப்பேனா? அன்னிக்கே அந்தப் பொண்ணோட ஆபீஸுக்குப் போயி, எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு, 'யாரும்மா அவன், தைரியமா சொல்லு'ன்னு கேட்டிருப்பேன்!"

மனதாரத்தான் சொன்னார். கேட்டும் இருப்பார். அவர் குணம் அப்படி.

ரிஸ்வானா லேப்டாப்பை மூடி அவரிடம் நீட்டினார்.

"அது ஜெனிட்டாவுக்கும் தெரியும், சார்."