கைக்கு ஒரு முட்டை

அன்று காலை மேற்குத்துறையில் பரிசல் ஏறியவர்கள் ஆறு பேர். துடுப்புப் பிடிக்கும் மாதையன். சந்தைக்குப் போகும் முட்டைக்காரி பாவாயி. பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் கௌரம்மா. தையல்காரர் மஸ்தான். மலையடி மடத்துச் சாமி பொன்னுரங்கர். அவருடைய சீடர் தீர்த்தகிரி. இவர்களைத் தவிர மஸ்தானின் மடியில் தையல் மிஷினின் இரும்புத் தலை ஒன்று. பாவாயியின் கூடையில், வைக்கோலுக்குள், நாற்பத்திரண்டு நாட்டுக்கோழி முட்டைகள்.

தீர்த்தகிரி சாமியைவிடப் பதினோரு வயது மூத்தவர். முன்பு அரிசி ஆலை வைத்திருந்தார். ஆலை தீப்பிடித்து எரிந்த அன்றிலிருந்து அவர் கை நிலைகொள்ளவில்லை. கதவு படாரென்று சாத்தினால் நடுங்கும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டாலும் நடுங்கும். மடத்துக்குப் போனால் நின்றுவிடும் என்று யாரோ சொன்னார்கள். மூன்று வருஷம் இருந்து பார்த்தார். நிற்கவில்லை. இன்று துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்புகிறார். பஸ் அக்கரையில். வழியனுப்பச் சாமியும் கூடவே ஏறிவிட்டார்.

"கடைசியா ஒண்ணு கேக்கலாமா சாமி?"

"கேளுங்க."

"உங்களுக்கு மட்டும் எப்படிப் பயமே வர மாட்டேங்குது? அதைக் கத்துக்கத்தான் வந்தேன். அது ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடலை."

சாமி ஆற்றைப் பார்த்தார்.

"தண்ணி ஜாஸ்தியாத்தான் போகுது" என்றார்.

இது பதிலா, பேச்சை மாற்றுகிறாரா என்று தீர்த்தகிரிக்குப் புரியவில்லை.

நடு ஆற்றில் ஒரு சுழி பரிசலை வெடுக்கென்று திருப்பியது. மஸ்தானின் மடியிலிருந்து இரும்புத் தலை நழுவிக் கீழே விழுந்தது. அதன் முனை, தார் பூசிய அடிப்பாகத்தைக் குத்திக் கிழித்தது. விரல் கனத்துக்குத் தண்ணீர் பீறிட்டது.

"அல்லா!" என்று மஸ்தான் எழுந்தார்.

ஒருவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். தண்ணீர் வரும் இடத்தை விட்டு எல்லோரும் எதிர்ப்பக்கம் பாய்ந்தார்கள். பரிசல் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. அதன் விளிம்பு ஆற்றைத் தொட்டுத் தொட்டு எழுந்தது.

"ஒரே பக்கம் போவாதீங்க! கவுந்துரும்! உக்காருங்க!" என்று மாதையன் கத்தினான்.

யார் காதிலும் ஏறவில்லை. கௌரம்மா வயிற்றை அணைத்துக்கொண்டு விளிம்பில் தொங்கினாள். தீர்த்தகிரி இரண்டு கையாலும் விளிம்பு மூங்கிலைப் பற்றிக்கொண்டார். அவர் கண்ணுக்கு ஆறு தெரியவில்லை. ஆலை எரிந்துகொண்டிருந்தது.

சாமி தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்துக் கிழிசல்மேல் போட்டார். போட்டுவிட்டு அதன்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பாவாயி, கூடையை இப்படித் தா."

"எதுக்குங்க சாமி? சாகப் போற நேரத்துல முட்டையா?"

"தா."

கையெட்டும் தூரத்தில் இருந்த கௌரம்மாவின் உள்ளங்கையில் ஒரு முட்டையை வைத்தார். அதைத் தாங்க அவள் மற்றக் கையை விளிம்பிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அதிலும் ஒன்றை வைத்தார்.

"உடையக் கூடாது. உன் இடத்துல போய் உட்காரும்மா."

அவள் முட்டையைப் பார்த்தாள். மெதுவாக நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அடுத்து மஸ்தான். அடுத்து தீர்த்தகிரி. மூங்கிலை விட்டு அவர் விரல்கள் பிரியவில்லை. சாமி ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

"என் கையிலயா? நடுங்குதே சாமி!"

"கைக்கு ஒண்ணு. பிடிங்க."

பாவாயிக்கும் இரண்டு கிடைத்தது. தன் முட்டையைத் தானே இரவல் வாங்கியதுபோல விழித்தவள், மற்றவர்களை ஒரு சுற்று முறைத்தாள்.

"யாராச்சும் உடைச்சீங்களோ, அடுத்த ஜென்மத்துல கோழியாப் பொறந்துதான் போட்டுத் தரணும், ஆமா!"

கடைசியாகச் சாமி தனக்கும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

வட்டமாக ஐந்து பேர், ஏந்திய கைகளோடு. பரிசல் நிமிர்ந்தது. சாமிக்கு அடியில் ஒரு மூங்கில் பத்தை சடக்கென்று முறிந்தது. யாரும் எழவில்லை. மாதையன் மட்டும் வாய்க்குள் எதையோ முனகியபடி துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தான். தண்ணீர் கணுக்காலுக்கு ஏறிய சமயம் பரிசல் மணலில் உரசியது.

எல்லோரும் கரையில் இறங்கினார்கள். மஸ்தான் சிரித்தார், சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. கௌரம்மா ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் தெளிந்தவள் பாவாயி. தன் இரண்டையும் கூடையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"எடுத்ததை எல்லாம் வெச்சிருங்க."

கௌரம்மா இரண்டு வைத்தாள். மஸ்தான் இரண்டு வைத்தார். தீர்த்தகிரி தன் கைகளைக் குனிந்து பார்த்தார். நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. இரண்டு முட்டைகளும் முழுசாக இருந்தன. அவரால் நம்ப முடியவில்லை.

"சாமி, உங்களுது?"

இடது கையிலிருந்து ஒன்றைச் சாமி கொடுத்தார். வலது கை மூடியே இருந்தது. பிறகு அதைத் திறந்தார்.

ஓட்டுச் சில்லுகள். மஞ்சள் கரு விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது.

பாவாயி வாயில் கை வைத்துக்கொண்டாள். தீர்த்தகிரிக்குக் கன்னத்தில் அறை விழுந்ததுபோல் இருந்தது. பரிசல் கிழிந்தபோதுகூட அவர் இப்படி அதிரவில்லை.

"சாமி... நீங்களா?"

"மூங்கில் முறிஞ்சுதே, அப்போ."

"பயந்துட்டீங்களா?"

"ஏறும்போதே. தண்ணி ஜாஸ்தியாப் போகுதுன்னு சொன்னேனே."

"அப்ப இத்தனை வருஷமா..."

"இத்தனை வருஷமாத்தான்."

பாவாயி மெல்லக் கேட்டாள்: "அப்ப அடுத்த ஜென்மத்துல சாமிதான் கோழியா?"

"பொறந்துடறேன்" என்றார் சாமி.

மேட்டில் பஸ் ஹாரன் அடித்தது. தீர்த்தகிரியின் கை தூக்கிப் போட்டது. அதை அவர் சாமியின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பாருங்க. இன்னமும் நிக்கலை. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சாமி?"

சாமி ஆற்றில் குனிந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"பாவாயி கூடையில வைக்கோல் நனைஞ்சு போச்சு. உங்க மூட்டையில காய்ஞ்ச துணி இருந்தா விரிச்சு, அந்தக் கையாலேயே எல்லாத்தையும் எண்ணி மாத்திக் கொடுங்க."

தீர்த்தகிரி மணலில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார். நல்ல வேட்டியை விரித்தார். முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. கை நடுங்கியது. அடுத்ததை எடுத்தார்.

நாற்பத்தொன்று.