மூக்கில் விழுந்த மகுடம்

கொன்றையூரை ஆண்ட கோதண்டராய மன்னருக்கு யானைப் படையும் உண்டு, அரண்மனைக்கென்று ஒரு வலைப்பக்கமும் உண்டு. அது எந்தக் காலம் என்று குடைந்து கேட்காமல் கதையைக் கேளுங்கள்.

அந்தப் பக்கத்தைச் செய்தவள் வடிவாம்பாள். ஒருநாள் அவள் தர்பாருக்குள் நுழைந்தாள். கிழ மந்திரி சிவக்கொழுந்து தம் பழைய கணினியைத் தூக்கிவரச் செய்து மன்னர் முன்னால் வைத்திருந்தார். வாயெல்லாம் பல். அவளுடைய வேலையின் மேல் அவர் மருமகனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

"பாருங்கள் மகாராஜா. என் பிரவுசரில் அரண்மனைப் பக்கத்தைத் திறந்தால், உங்கள் படத்தில் மகுடம் மூக்கில் கிடக்கிறது."

"அந்தப் பிரவுசர் அரதப் பழசு, மகாராஜா," என்றாள் வடிவாம்பாள். "எது எங்கே தெரிய வேண்டும் என்று நான் எழுதும் புது விதிகள் அதற்குப் புரியாது. மற்ற பிரவுசரில் எல்லாம் மகுடம் தலையில்தான் இருக்கிறது. பழசுக்கு மட்டும் தனியாக ஒரு விதி எழுதிவிட்டால் போதும்."

"தனி விதியா? ஒரே ராஜா, ஒரே விதி," என்றார் மந்திரி.

மன்னருக்கு அது பிடித்துவிட்டது. "நாளைக்குள் எல்லாப் பிரவுசரிலும் ஒரே விதியில் ஒரே மாதிரி தெரிய வேண்டும். இல்லையென்றால் உன் வேலை மந்திரியின் மருமகனுக்கு."

மறுநாள் அவள் கணினிகளை வரிசையாக வைத்தாள். எல்லாவற்றிலும் மயிரிழை பிசகாமல் மகுடம் மூக்கில் இருந்தது.

மன்னரின் மீசை துடித்தது. "என்ன இது?"

"பழசால் புதுசின் உயரத்துக்கு ஏற முடியவில்லை, மகாராஜா. அதனால் புதுசை எல்லாம் கீழே இறக்கிவிட்டேன். ஒரே விதி, ஒரே மாதிரி. நல்ல கட்டளை. இதைத் தர்பாரிலும் நடத்தலாமே? நாங்கள் எல்லோரும் உங்களைத் தரையில் விழுந்து கும்பிடுகிறோம். முழங்கால் வலி என்று மந்திரி மட்டும் நின்றபடியே கும்பிடுகிறார். இன்றுமுதல் அவரும் விழட்டும்."

மந்திரியின் முகம் சுண்டிப்போயிற்று. போன பொங்கலன்று ஆசைப்பட்டு ஒருமுறை விழுந்தவரைத் தூக்கி நிறுத்த யானைப்பாகர்கள் வரவேண்டியிருந்தது. அவர் மன்னரைப் பார்த்தார். மன்னர் தரையைக் காட்டினார்.

"மகாராஜா," என்றார் மந்திரி. "பழசுக்கு மட்டும் தனியாக ஒரு விதி இருந்துவிட்டுப் போகட்டுமே."

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி வடிவாம்பாளிடம் கொடுத்தார். பிறகு அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் மகுடம் நழுவி நிஜமாகவே மூக்கில் வந்து நின்றது.

"எழுதிவிடு அம்மா," என்றார் மகுடத்துக்குள்ளிருந்து. "அப்படியே இதற்கும் ஒரு விதி எழுது."