வெள்ளந்தாங்கியார் யார்?

முன்னொரு காலத்திலே, ஏரிக்குப் பஞ்சமில்லாத செம்பூர் நாட்டைச் சூடாமணி ராசா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு விஷயத்துக்கு இரண்டு பக்கம் இருந்தால் போதும், அவருக்குத் தலை சுற்றிவிடும். அன்றைக்குப் பார்த்து நாலு பக்கம் வந்து சேர்ந்தது.

மறுநாள் தேர்த்திருவிழா. வெள்ளந்தாங்கியார் என்ற குடும்பத்துக்குத் தேரடியில் பரிவட்டம் கட்டுவதாக ராசாவின் பாட்டனார் ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தார். அந்தக் குடும்பம் எது, ஏன் அந்தப் பேர் என்று சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். ராசா ஊரெல்லாம் தமுக்கடிக்கச் சொன்னார். ஒருத்தர் வருவார் என்று பார்த்தால் மூன்று கூட்டம் வந்து நின்றது.

ஏரிக்கரை மாசிலான் முதலில் பேசினார். "உடைஞ்ச கரையில எங்க பாட்டன் முதுகைக் கொடுத்து விடிய விடிய நின்னாரு சாமி. அதான் இந்தப் பேரு."

"ஏரித் தண்ணி ஒரு வெள்ளமா?" என்று சிரித்தார் கடற்கரைச் சங்குமுத்து. "கடல் பொங்கி வந்தப்போ படகைக் குறுக்கே போட்டு ஊரைக் காத்தது எங்க ஆளுங்க."

மலையிலிருந்து வந்த பொம்மையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெள்ளமே மலையிலதானய்யா பொறக்குது! காட்டாத்தை முதல்ல தாங்கினது நாங்கதான்."

மூன்று பேச்சும் ராசாவுக்கு நியாயமாகவே பட்டது. அதுதான் கஷ்டம். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சபையில் இருந்த அனந்தப்பர் எழுந்தார். மந்திரி தாண்டவருக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த மனிதர் அவர்.

"மகாராசா, வெள்ளம் என்றால் தண்ணீரா? பெருஞ்சேனை! எதிரிப்படையைத் தனியாளாகத் தாங்கியவர் என் முப்பாட்டனார். மலை முதல் கடல் வரை இந்தப் பேர் எங்கே இருந்தாலும் அது என் வீட்டு வேரில் முளைத்த கிளைதான்."

"உம்மைப் பத்து வருஷமாக அனந்தப்பர் என்றுதானே கூப்பிடுகிறேன்?"

"எல்லாம் ஒரு அடக்கம்தான், மகாராசா."

ராசாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நாளை யார் தலையில் பரிவட்டம் ஏறுகிறதோ, பேர் அவர்களுக்கே! மற்றவர்கள் வேறு பேர் தேடிக்கொள்ளுங்கள்!" என்று கத்திவிட்டார்.

சங்குமுத்து பதறிப்போய் முன்னே வந்தார். "பேரை எடுத்துட்டா யாரு பங்காளி, யாரு மாமன் மச்சான்னு எப்படி சாமி தெரியும்? எங்க பொண்ணுங்களை எந்த வீட்டுல கட்டிக் கொடுக்கறது?"

ராசாவுக்குச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க வெட்கமாக இருந்தது. பக்கத்தில் இருந்த மந்திரியைப் பரிதாபமாகப் பார்த்தார். தாண்டவர் வெற்றிலையை மென்றபடி வெளியே போனார். ஆபத்து நேரத்தில் இவருக்கு வெற்றிலை கேட்கிறதே என்று ராசாவுக்கு எரிச்சலாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு சேவகன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "மகாராசா! தெற்கே ஒரு துறைமுகத்தில் வெள்ளந்தாங்கியார் வீட்டுக் கிழவர் ஒருத்தர் செத்துப்போனாராம். பிள்ளை குட்டி கிடையாதாம்!"

இன்னொரு வெள்ளந்தாங்கியாரா? ராசா சிம்மாசனத்தில் சாய்ந்துவிட்டார்.

பொம்மையன் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு குளத்தைப் பார்த்து நடந்தார். மற்ற இருவரும் அப்படியே போனார்கள். திரும்பி வந்தபோது மூன்று பேரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். சபைக்குள் வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"எங்களுக்குத் தீட்டு சாமி. நாளைக்குக் கோயில் பக்கம் வர முடியாது" என்றார் மாசிலான்.

"அந்தக் கிழவரை உங்களுக்குத் தெரியுமா?"

"பார்த்ததுகூட இல்லை. ஆனா எங்க பேரு வச்சிருந்தவரு. பிள்ளை இல்லாத மனுஷனுக்கு நாங்க முழுக்குப் போடலைன்னா வேற யாரு போடுவா?"

"பரிவட்டம் போய்விடுமே! பேரும் போய்விடுமே!"

"போகட்டும் சாமி. அந்தப் பேரை வச்சுக்கிட்டு இதைச் செய்யாம இருந்தா அது என்ன பேரு?"

அனந்தப்பருக்கு வாயெல்லாம் பல். "மகாராசா, மிச்சம் நான் ஒருத்தன்தான். துணியை என் தலையில் கட்டிவிடலாம்."

அதற்குள் தாண்டவர் உள்ளே வந்துவிட்டார். "உமக்குத் தீட்டு இல்லையா?"

"எவனோ ஊர் தெரியாத கிழவன்! எனக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

"எங்கே இருந்தாலும் அந்தப் பேர் உம் வீட்டுக் கிளை என்று இப்போதுதானே சொன்னீர்? கிளை முறிந்தால் வேருக்கு வலிக்காதா?"

அனந்தப்பர் மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

தாண்டவர் ராசா பக்கம் திரும்பினார். "மன்னிக்க வேண்டும், யாரும் சாகவில்லை. சேவகனை அனுப்பியது நான்தான்."

"அட பாவி! சாகாத ஆளுக்கா இவர்களை முழுக்குப் போட வைத்தீர்?"

"பொய்யாகச் செத்தவருக்கு ஆயுசு கூடுமாம். இந்தக் கிழவர் பிறக்கவே இல்லை, அதனால் அந்த ஆயுசு இவர்களுக்குச் சேரட்டும். வேர் எங்கே என்று எனக்கும் தெரியாது, மகாராசா. ஆனால் இவர்கள் மூவரும் ஒரே வீட்டுக்காரர்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?"

ராசா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். பேரைப் பறிக்கும் கட்டளையையும் ரத்து செய்தார். பரிவட்டம் மூத்தவருக்கு என்றதும் புதுச் சண்டை பிறந்தது. காலையில் நான் முந்தி நீ முந்தி என்று அடித்துக்கொண்டவர்கள், இப்போது "நீங்கதான் மூத்தவுக, நீங்கதான் மூத்தவுக" என்று ஒருவரையொருவர் முன்னே தள்ளினார்கள்.

ராசா அனந்தப்பரைக் கூப்பிட்டார். "உம் வீட்டுப் பேர் உண்மையில் என்ன?"

"நொய்க்கஞ்சியார்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஏன் அப்படி ஒரு பேர்?"

"பெரும்பஞ்சத்தில் என் பாட்டனார் தன் வீட்டு நொய்யரிசியையெல்லாம் போட்டு ஊருக்குக் கஞ்சி ஊற்றினாராம். கஞ்சிப் பேரைச் சபையில் சொல்லக் கூசியது, மகாராசா."

ராசா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதையா மறைத்தீர்? இனிமேல் நீர் சபைக்குள் வரும்போதெல்லாம் கட்டியக்காரன் அந்தப் பேரைத்தான் உரக்கச் சொல்ல வேண்டும்!"

அது தண்டனையா வெகுமதியா என்று அனந்தப்பருக்கு விளங்கவில்லை. சொன்ன ராசாவுக்கும் சரியாக விளங்கவில்லை. ஆனால் திருவிழா முடிந்து சபை கூடியதும் கட்டியக்காரன் "நொய்க்கஞ்சியார் வருகிறார்!" என்று முழங்கியபோது, ராசா தன்னையறியாமல் எழுந்து நின்றார்.